டிரையரில் காய்ந்த கல்யாண ரவிக்கை

கொரோனா காலத்தில் கிருமிக்குப் பயந்தவர்களைப் பற்றி இப்போது எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். அன்றைக்குக் கறிவேப்பிலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவர்கள்தான் இன்று அதிகமாகச் சிரிக்கிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. அதற்காக நான் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. செய்தது தவறு. அதைச் சொல்லவே எழுதுகிறேன். கோபம் நடுநடுவே தானாக வந்துவிடுகிறது.

பதுளையில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகள் மேகலாவுக்குக் கொழும்பில் வேலை, மாப்பிள்ளையும் அங்கேதான். கல்யாண நாள் குறித்த பிறகு, மாகாணம் விட்டு மாகாணம் போகக்கூடாது என்று வீதியை மறித்துவிட்டார்கள். தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. பெற்றவர்கள் நாங்கள் தாலி கட்டுவதை ஃபோனில் பார்க்க வேண்டுமாம். (அதைச் சொன்ன சம்பந்தி, "ஒங்க பக்கம் சிக்னல் கெடைக்குமில்ல?" என்று வேறு கேட்டார்.)

என் மனைவி சரோஜா அழவில்லை. கூறைச்சேலைக்குப் பொருத்தமாகச் சிவப்புப் பட்டில் ரவிக்கை தைக்க உட்கார்ந்துவிட்டாள். கழுத்திலும் கை விளிம்பிலும் சின்னச் சின்ன முத்துகள். முதுகில் நூலாலேயே ஒரு மயில்.

"நா போக முடியாட்டி என்னங்க, என் கைவேலையாவது அவ மேல இருக்கட்டும்" என்றாள்.

அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றேன். விசாரிக்கத் தபால் கந்தோருக்குப் போனால், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மாஸ்க்கைக் கீழே இறக்கித் தும்மினார். தும்மி முடித்ததும் ஒழுங்காக மாட்டிக்கொண்டார். இந்த மனிதர்களை நம்பியா நாட்டில் பார்சல் போகிறது? போதாததற்குச் சரோஜாவுக்கும் லேசான இருமல். எங்கள் வீட்டுக் கிருமியே மணப்பெண்ணிடம் போய்ச் சேர்ந்தால்?

"அங்க போய்ச் சேந்ததும் பிரிக்காம மூணு நாள் ஓரமா வெச்சிருந்தா போதுமாம். தோட்டத்து நர்ஸ் புள்ள சொல்லுது" என்றாள் சரோஜா.

"சும்மா வெச்சா கிருமி சலிச்சுப்போய்ச் சாகுமா?" என்றேன். படித்தவன் என்ற திமிர்.

பச்சைக் கொழுந்தில் எத்தனை பேர் கை படுகிறது. கொழுந்தைக் காயவைக்கும் டிரையரின் அனல் காற்றுக்குள் போய்வந்தால் அதில் எந்தக் கிருமியும் மிஞ்சாது என்று, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். ஊரே அடங்கிக் கிடந்தபோதும் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. சரோஜாவிடம் சொல்லாமல் ரவிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். என் இடத்துக்கு வந்திருந்த ரவி பதறிப்போனான்.

"ஐயா, இது தேயில இல்லீங்க. துணி."

"துணியும் செடியிலருந்துதான்டா வருது."

"பட்டு புழுவுலருந்து வருதுங்க ஐயா."

"அப்பன்னா இன்னும் நல்லா காயணும்."

பழைய மேலதிகாரியை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. ரவிக்கை தட்டில் ஏறி உள்ளே போனது. வெளியே வந்ததும் நான் அதைத் தொடவில்லை. சுத்தமானதைத் தொட்டால் மறுபடி அசுத்தம் அல்லவா? மாஸ்க் போட்டதில் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியவில்லை. இடுக்கியால் தூக்கி, தேயிலை போடும் ஈயத்தாள் பைக்குள் இறக்கி, ஒட்டி, அனுப்பியும்விட்டேன். அன்று நான் நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள், தடுப்பூசியே நான் கண்டுபிடித்தது என்று நினைத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேகலா வீடியோவில் வந்தாள். சரோஜா தலைவாரிப் பொட்டு வைத்து, ஃபோன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் பையைப் பிரித்தாள். ரவிக்கையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"அம்மா, முத்தெல்லாம் ஏம்மா இப்படி அப்பளமாட்டம் ஒட்டிக் கெடக்கு? கைய உள்ள விட முடியல. தேயில வாசம் வேற அடிக்குது."

பிளாஸ்டிக் முத்துகள் உருகி, கை விளிம்பு இரண்டையும் மூடிவிட்டிருந்தன. சரோஜா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க செஞ்சீங்க?"

சொன்னேன். வெப்பம் கிருமியை என்ன செய்யும் என்பதையும் சேர்த்துத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு இருமல்னு, நா தொட்டதையே கொளுத்தி அனுப்பியிருக்கீங்க."

  வேறு தைக்க நேரமில்லை.

கல்யாணத்தன்று மேகலா தோழியின் ரவிக்கையில் வந்தாள். தொளதொளவென்றிருந்தது. ஆனால் மயிலை மட்டும் வெட்டி எடுத்துத் தோளில் தைத்திருந்தாள். நூல் வேலைக்கு அனல் ஒன்றும் செய்யவில்லை. தாலி ஏறியதும் தோளை ஃபோன் பக்கம் சாய்த்தாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுடி" என்றாள் சரோஜா. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

வீதி திறந்ததும் மாப்பிள்ளை முதல் முறையாக வீட்டுக்கு வந்தார். படியில் நின்று, "மாமா, உள்ள வரலாமா, இல்ல டிரையர் பக்கம் போய்ட்டு வரவா?" என்றார். பதுளையில் இருக்கும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அது இன்று மனப்பாடம். எந்த விசேஷத்திலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். சரோஜாதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பாள்.

இப்போது பேத்திக்குச் சட்டை தைக்கிறாள். அனுப்ப இருவருமாகத்தான் பஸ் ஏறிப் போகிறோம். கூட்டத்தில் நின்றபடி வந்தாலும் பார்சலை என் கையில் தருவதில்லை. "குடுங்க, நா வெச்சிக்கிறேன்" என்று சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டால், யோசிக்காமல் அவள் மடியில் வைத்துவிடுகிறாள்.