எனக்கும் ஐலிக்கும் ஆகாதாம்

அன்பு மகள் ஹென்னாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். ஏரியும் சௌக்கியமாக உறைந்து கிடக்கிறது. உன் சௌக்கியத்தை உங்கள் திட்டத்தின் செய்திமடலில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இளைத்திருக்கிறாய். ஹெல்சிங்கியில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். வண்டிகளையும் கைபேசிகளையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் உங்கள் அரசாங்க ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துவிட்டவள் நீதான். கைபேசியில் கேட்டால் சிற்றுந்து வாசலுக்கே வருகிறது, மறுக்கவில்லை. உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்பதால், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் கடைக்குப் போய்வந்தேன். தேவாலயத்தருகே ஐலி ஏறுவார். உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமை பட்டாணி சூப் ஊற்றிய பெண்மணி. நான் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருவேன், அவர் கடைசி இருக்கையில். காலி வண்டியில் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார நம் ஊர்க்காரர்களுக்கென்ன பைத்தியமா? அங்கிருந்தே அவர் முழங்கால் வலியைச் சொல்ல, இங்கிருந்தே நான் மீன் சிக்காத கதையைச் சொல்ல, கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டிவிடும். அன்றைய பொழுதுக்கு எனக்கு அது போதும்.

போன மாதம் திடீரென்று ஐலியைக் காணோம். முதலில் முழங்கால் என்று நினைத்தேன். பிறகு, இந்த வயதில் நினைக்கக்கூடாததையும் நினைத்தேன். ஓட்டுநர் ரெய்யோவைக் கேட்டேன். வாய் திறந்தால் வரி கட்டவேண்டும் என்பதுபோல் இருக்கிற ஆள் அவன். "நான் என்ன பண்றது, திரை சொல்றபடி ஓட்டறேன். உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதாமே" என்றான். துருவிக் கேட்டதில்தான் தெரிந்தது: இருக்கைக்கு அடியில் நீங்கள் வைத்த கருவி, நாங்கள் எப்போதும் எட்டமுடிந்தவரை எட்டி உட்காருவதைக் குறித்துக்கொண்டே வந்து, இவர்கள் ஒருவரையொருவர் சகிக்கமாட்டாதவர்கள் என்று முடிவு கட்டி, எங்கள் சௌகரியத்துக்காக ஆளுக்கொரு வண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது! உன் அம்மாவும் நானும் முதன்முதலில் ஒரே பேருந்தில் போன காலத்தில் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். இந்தக் கருவி அப்போதே இருந்திருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய்.

அதற்குப் பிறகு ஐலியைக் கடையில் காபி மெஷின் பக்கத்தில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, தௌனோ. எதுக்கு அரசாங்கத்துக்கிட்ட போய்ச் சொன்னீங்க?" என்றார். சொல்லிவிட்டுக் காபியோடு நகர்ந்துவிட்டார். இப்போது என் வண்டியில் யாரும் ஏறுவதில்லை, அது எங்கும் நிற்பதில்லை, நேரம் மிச்சம் என்று திரை என்னைப் பாராட்டுகிறது. மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், ஹென்னா? வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், தனியாக.

ஆகவே எங்களை மீண்டும் ஒரே வண்டியில் போடும்படி, திட்டப் பொறுப்பாளரான உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி ஒரு குறையுமில்லை. நீ வரவேண்டும் என்பதில்லை, வேலையைப் பார். ஏலக்காய் ரொட்டி சுட்டு உறையவைத்திருக்கிறேன், கெடாது. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு, நன்றாகத் தூங்கி, நன்றாக இரு.

அன்புடன்,
அப்பா தௌனோ

பி.கு.: ஐலியிடம் விஷயத்தை விளக்கியதும் அவரே உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஒரே வண்டிதான், அவர் கடைசியில், நான் முதலில். ஆகவே மேலே எழுதிய புகாரில் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் தபாலில் சேர்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பயணிகளின் புகாருக்கோ பொறுப்பாளரே பதில் சொல்லியாக வேண்டும் என்று உங்கள் விதியில் போட்டிருக்கிறது. நேரில் வந்து சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.