பேழைக்குள் வெள்ளம்

சித்திரபுரத்தில் குளிருக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனாலும் அதைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டிய அவசியம் ஏற்பட்டபோது மலைமுகாம் வளர்ச்சிக் கழகம் தயங்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் வைத்து, வண்டி பேட்டரியிலேயே ஓட்டக்கூடிய ஒரு ஃபிரிட்ஜை வாங்கியது. ரெஜிஸ்டரில் அதற்கு ‘நடமாடும் குளிர்ப்பேழை, உருப்படி ஒன்று’ என்று பெயர்.

காரணம் இல்லாமல் வாங்கவில்லை. கூடாரத்தில் படுப்பது படித்தவர்களிடையே பெரிய நாகரிகமாகியிருந்தது. நல்ல கான்கிரீட் வீட்டில் குடியிருப்பவர்கள் சனி ஞாயிறு வந்தால் மலையேறி வந்து, துணிக்கூரைக்குக் கீழே விடிய விடிய நடுங்கினார்கள். நடுங்குகிறவர்களுக்கு ஜில்லென்று குடிக்க ஏதாவது கொடுப்பதுதானே மரியாதை.

கழகத்தின் தலைமை அலுவலகம் கீழே பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில், நெல்வயல்களுக்கு நடுவே இருந்தது. மலைக்குப் பக்கத்தில் இருந்தால் மலையைப் பற்றி நடுநிலையோடு முடிவெடுக்க முடியாது என்பது கழகத்தின் கொள்கை. சித்திரபுரத்தில் இருந்தது வெறும் ஸ்டோர். கூடாரம், கயிறு, அடுப்பு, இப்போது பேழை, இவ்வளவுக்கும் பொறுப்பு மாரீஸ்வரி.

மாரீஸ்வரி ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அவளை ஸ்திரமாக்குகிற ஃபைல் நல்லேப்பிள்ளியில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவள் பொறுப்பில் இருக்கிற எந்தப் பொருளின் மேலும் ஒரு குறைக் குறிப்புகூட விழக் கூடாது. அதனால் ஒரு கூடாரக் குச்சி வளைந்தால்கூட ராத்திரியோடு ராத்திரியாக நிமிர்த்திவிடுவாள்.

பேழையைக் கொண்டுவந்து இறக்கிய பாலக்காட்டுக் கடைக்காரர் ஃபிரோஸ், நாலு விஷயத்தை விரல்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார். முகாம் முடிந்ததும் வெந்நீரில் ஆப்பசோடா போட்டுத் துடைக்க வேண்டும். நன்றாகக் காய வேண்டும். வயரை முறுக்கிச் சுருட்டக் கூடாது. அடுத்த முகாம் வரைக்கும் மூடியைச் சாத்தாமல் ஒரு குச்சியாவது கொடுத்துத் திறந்து வைக்க வேண்டும், மூடினால் பூசணம் பிடிக்கும். மாரீஸ்வரி நாலையும் மனசில் வாங்கிக்கொண்டாள். சீசன் முடிந்து மே மாதக் கடைசியில் பேழை திரும்பி வந்ததும் துடைத்தாள், தேயிலைக் குச்சி ஒன்றை மூடிக்கு முட்டுக் கொடுத்தாள், துணிக்கு எட்டாத இடுக்குகளில் தேங்கிய ஈரம் உலரட்டும் என்று விட்டாள்.

மறுநாள் வருடாந்தரச் சோதனைக்கு சூப்பிரண்டு பூபதிராஜா நல்லேப்பிள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார். குரங்குத் தொப்பி, அதற்கு மேல் மஃப்ளர். ஸ்டோரைச் சுற்றி வந்தவர் பேழைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, இதென்னுங்க தொறந்து கெடக்குது?”

“அப்படித்தான் சார் வைக்கணும். மூடினா உள்ள பூசணம் பிடிச்சிரும்.”

“பூசணம் புடிக்கறது எந்த ரூல்லீங்க வருது?”

“ரூல்ல இல்ல சார். ஃபிரிட்ஜ்ல வரும்.”

பூபதிராஜா கெட்ட மனிதர் இல்லை. விதியில் இல்லாததை நம்பாதவர், அவ்வளவுதான். உபயோகத்தில் இல்லாத கழகச் சொத்து மூடி, பூட்டி, அரக்கு முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும் என்பது விதி. திறந்திருக்கும் பெட்டியைப் பூட்டிய பெட்டி என்று எழுத அவருக்குக் கை வராது.

“இன்னும் காயல சார். நேத்துதான் தொடச்சேன். ஒரு நாள் மட்டும் விடுங்க.”

“பஸ்ஸு மூணு மணிக்குங்க” என்றார் பூபதிராஜா. அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச ஒன்றும் இல்லை. குச்சி எடுக்கப்பட்டது. மூடி விழுந்தது. அரக்கு உருகி, முத்திரை பதிந்தது.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் ஸ்டோருக்குள் ஒரு வாடை கிளம்பியது. கூட்டுவதற்காகப் பேழையைக் கொஞ்சம் நகர்த்தினால் உள்ளே களக் களக் என்று சத்தம். முத்திரையை உடைத்தால் குற்றம், உடைக்காவிட்டால் பேழை கெடும், பேழை கெட்டால் ஃபைல் போச்சு. மாரீஸ்வரி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்து, அனுமதி கேட்டு முறைப்படி அபேட்சை எழுதினாள்.

தமிழர் அதிகம் இருக்கிற தாலுகா என்பதால் தமிழிலேயே எழுதலாம், தலைமை அலுவலகத்தில் அதை மலையாளப்படுத்திக்கொள்வார்கள். ஒரே ஒரு சொல்லில்தான் அவளுக்குத் தடங்கல். வீட்டில் பொழங்குகிற ‘தண்ணி’யைச் சர்க்கார் காகிதத்தில் எழுதினால் மட்டுமரியாதை இல்லாமல் இருக்குமே என்று தோன்றியது. ஒன்பது வருஷமாக ஆபீஸில் எல்லோரும் தண்ணீரை மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆகவே பயபக்தியோடு இப்படி எழுதினாள்: ‘குளிர்ப்பேழைக்குள் கொஞ்சம் வெள்ளம் நிற்கிறது. திறந்து துடைக்க அனுமதி வேண்டுகிறேன்.’

நல்லேப்பிள்ளியில் மொழிபெயர்ப்புப் பிரிவு என்பது சரஸ்வதியம்மாள். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர்த் தமிழில் மலையாளம் கலந்துவிட்டதே என்ற கவலையில் பாதி உடம்பு கரைந்தவர். தமிழில் எழுதிய ஒரு பெண் தமிழ்ச் சொல்லைத் தமிழ்ப் பொருளில்தான் எழுதியிருப்பாள் என்று அவர் திடமாக நம்பினார். தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. எனவே மலையாளத்தில் ‘வெள்ளப்பொக்கம்’ என்று எழுதினார். ‘கொஞ்சம்’ என்பதை விட்டுவிட மனசாட்சி இடம் தராததால் ‘ஆரம்ப கட்ட வெள்ளப்பொக்கம்’ என்று திருத்தினார்.

வெள்ளப்பொக்கம் என்றால் அது கழகத்தின் பேரிடர்ப் பிரிவுக்குப் போக வேண்டும். பிரிவின் அதிகாரி சஜ்ஜாத் பதவியேற்று இரண்டு வருஷம் ஆகியும் ஒரு பேரிடரும் வராமல் மனம் நொந்திருந்தவர். அரை மணி நேரத்தில் சித்திரபுரத்துக்கு ஃபோன் போட்டார்.

“எந்த ஆறு?”

“ஆறு இல்ல சார். பெட்டி.”

“பெட்டின்னா எந்த வார்டு?”

“ஸ்டோர்ல இருக்கு சார்.”

“பெட்டி, ஸ்டோர் வார்டு” என்று சஜ்ஜாத் எழுதிக்கொள்வது கேட்டது. “எத்தனை குடும்பம் பாதிப்பு?”

“குடும்பமெல்லாம் ஏதும் இல்ல சார்.”

“எல்லாரையும் மாத்தியாச்சு, நல்லது. தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?”

“ரெண்டு விரக்கடை இருக்கும்.”

“ஏறுதா, எறங்குதா?”

“அப்படியேதான் நிக்குது சார்.”

“நிலைமை ஸ்திரம்” என்று எழுதிக்கொண்டார் சஜ்ஜாத். மாரீஸ்வரி ஒன்பது வருஷம் காத்திருந்த சொல் முதலில் அந்தத் தண்ணிக்குத்தான் கிடைத்தது.

மூன்றாம் நாள் மீட்புக் குழு வந்தது. மூன்று பேர், மிதவை உடுப்பு, நூறு அடிக் கயிறு, ஜீப்பின் தலையில் ஒரு ரப்பர் படகு. ஸ்டோருக்குள் வந்து பேழையைப் பார்த்ததும் அறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்து யோசித்தார்கள். வெள்ளம் இல்லை என்று எழுதலாம். எழுதினால் வந்தது தப்பாகிவிடும். வந்தது சரி என்றால் வெள்ளம் இருந்தாக வேண்டும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் தென்படாததால் பேழைக்கு ஒரு மிதவை உடுப்பை மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

“தொறந்து தொடச்சிரலாமே சார்” என்றாள் மாரீஸ்வரி.

“முத்திரை பொதுப் பிரிவோடது. நாங்க பேரிடர்ப் பிரிவு” என்றார் குழுத்தலைவர். “வெள்ளம் மட்டுந்தான் எங்களுக்கு. மூடி அவங்களுக்கு.”

இரண்டு பிரிவும் கடிதம் எழுதி ஒரு முடிவுக்கு வருவதற்குள் செப்டம்பர் ஆகிவிட்டது. பூபதிராஜாவும் சஜ்ஜாத்தும் சேர்ந்தே மலையேறி வந்து முத்திரையை உடைத்தார்கள். மூடியைத் தூக்கியதும் இரண்டு பேரும் மஃப்ளரை மூக்குக்கு ஏற்றினார்கள். உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூசணம் அடர்ந்திருந்தது. மூடியின் ரப்பர் பிய்ந்து வந்தது. வயரைச் சொருகினால் பேழை மூச்சுவிடவில்லை.

அடுத்த கேள்வி, இது யார் மேல் என்பது.

பூபதிராஜாதான் மாரீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார். “பாருங்க அம்மணி. உள்ள இருந்தது தண்ணின்னா, தொடைக்காம வெச்சது நீங்க. அது கவனக்குறைவுங்க. ஃபைல்ல ஏறிப்போயிருமுங்க. வெள்ளம்னா அது இயற்கைச் சீற்றம். யாரு மேலயும் குத்தமில்லீங்க. வெள்ளத்துலயும் சொத்த உட்டுட்டுப் போகாம காவல் காத்த ஊழியர்னு நானே எழுதறேன்.”

“சார், அது நான் தொடச்ச ஈரம்.”

“வெள்ளம்னு எழுதுனது யாருங்க?”

“நாந்தான்.”

“அப்பறம் என்னுங்க, கையெழுத்துப் போடுங்க.”

அவள் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்.

எல்லோருக்கும் நல்லதே நடந்தது. சஜ்ஜாத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. சேதமான பேழைக்குப் பதிலாகப் புதுப் பேழை வந்தது. மாரீஸ்வரிக்கு ஸ்திர உத்தரவு வந்தது, இரண்டு வருஷம் ப்ரொபேஷன். தபால் வாங்கிப் பதிவு செய்து, வருகிற பதில்களுக்கு முத்திரை குத்துகிற நாற்காலியும் கூடுதலாகக் கிடைத்தது.

கழகம் பாடமும் கற்றுக்கொண்டது. இனிமேல் இப்படி ஒரு குழப்பம் வரக் கூடாது என்று சுற்றறிக்கை இறங்கியது. ஒன்று, குளிர்ப்பேழை காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மூடி திறந்த நிலையில் வைக்கப்பட வேண்டும், நாள்தோறும் உலர்ந்த துணியால் துடைக்கப்பட வேண்டும். இரண்டு, தமிழ் அபேட்சைகளில் வரும் ‘வெள்ளம்’ என்னும் சொல் தண்ணீர் என்றே பொருள் கொள்ளப்படும், மாற்றுப் பொருள் கோருபவர்களின் பழைய அபேட்சைகளும் மறுபரிசீலனைக்கு உள்ளாகும். இதைப் படித்துவிட்டு சரஸ்வதியம்மாள் ஒரு வாரம் லீவு போட்டதாகச் சொன்னார்கள்.

மாரீஸ்வரியும் அவள் புருஷன் சங்கையாவும் குடியிருந்தது பழைய எஸ்டேட் லயத்தில். பன்னிரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் ஒரு வரிசை. அந்த லயமும் கழகத்தின் கைக்கு வந்திருந்தது. பட்டணத்து ஜனங்களுக்குப் பழமை பிடித்துப்போனதால் அதைப் பாரம்பரியத் தங்குமிடமாக்கும் திட்டம் ஒன்று இருந்தது. பழமை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக லயத்துக்குப் பின்னால் அடைத்துப்போன ஓடையை யாரும் வெட்டக் கூடாது என்று உத்தரவு.

மறுவருஷம் ஜூலையில் ஓடை லயத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. பன்னிரண்டு வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணி. ஸ்டோரில் மாரீஸ்வரி உலர்ந்த துணியால் பேழையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாரித்தாய் நனைந்த சேலையோடு வந்து நின்றாள். மாரித்தாய் அடுத்த வீட்டுக்காரி, கொழுந்து கிள்ளுகிறவள். கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு அபேட்சை. பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்தும் இருந்தது, சங்கையாவின் கையெழுத்து உட்பட.

“லயத்துக்குள்ள வெள்ளம்னு எழுதியிருக்கோம் மாரி” என்றாள் மாரித்தாய். “ஒனக்குப் பலிச்ச சொல்லுல்லா. பெட்டிக்கே படகு வந்துச்சு, எங்களுக்கு வராதா?”

மாரீஸ்வரி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ‘பொக்கம்’ என்று நாலு எழுத்து சேர்த்தால் படகு வரும். சேர்க்கச் சொன்னால் அது ஏன், இது ஏன் என்று கேள்வி வரும். போன வருஷத்து வெள்ளம் எந்த வெள்ளம் என்று ஃபைல் திறக்கும்.

“சொல்லு சரியாத்தான இருக்கு?” என்றாள் மாரித்தாய்.

“எனக்கு இது ப்ரொபேஷன் காலம்க்கா” என்றாள் மாரீஸ்வரி.

மாரித்தாய்க்கு அது விளங்கவில்லை. சரியாக இருக்கிறது என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு போனாள். மாரீஸ்வரி அபேட்சையைப் பதிவு செய்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் நல்லேப்பிள்ளிக்கு அனுப்பினாள். அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மறுநாள் வேலை இருந்தது.

பேரிடர் இல்லை என்பதால் பதில் மூன்றே நாளில் வந்துவிட்டது. பன்னிரண்டு நகல்கள். ஒவ்வொன்றிலும் அவள் முத்திரை குத்தினாள். ஏழாவது சங்கையாவுக்கு. அதைத் தபாலில் போடாமல் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

சங்கையா கட்டிலின் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்குக் கீழே இரண்டு பாத்திரங்கள் மிதந்துகொண்டிருந்தன.

“என்ன போட்டிருக்கான்?” என்றான்.

சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தண்ணிக்குள் நின்றபடி அவள் வாசித்தாள். “தங்கள் குடியிருப்புக்கு உள்ளேயே வெள்ளம் கிடைத்துவரும் தகவலறிந்து கழகம் மகிழ்ச்சி அடைகிறது. சிக்கனமாகப் பயன்படுத்தவும்.”

அவள் கடிதத்தின் அடிப்பகுதியை மடித்துக் காட்டினாள்.

“இந்த எடத்துல பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு” என்றாள். “காலைல பத்து மணிக்குள்ள ஃபைல்ல வைக்கணும்.”