கோட்டூர் சைக்கிள் கம்பெனியும் அறிவு விருத்திச் சங்கமும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான பெரிய சம்பவம், 1946-ம் வருஷம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு மாடி அறையில் நடந்தது. அன்றுதான் ‘சிறு முதலீட்டாளர் அறிவு விருத்திச் சங்கம்’ உதயமாயிற்று. அதன் காரியதரிசி நான் என்பதால் அடக்கம் கருதி நெருப்புக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்திருந்தது. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாமல் ஷேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எல்லாம் தெரிந்துகொண்டு வாங்க வைப்பதே எங்கள் லட்சியம். ஆசிரியராக ஸ்ரீமான் சந்திரமௌலி வாய்த்தார். ஏதோ காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வார். துண்டுப் பிரசுரங்கள் கொடுப்பார். கட்டம் போட்ட காகிதத்தில் விலைகளைக் கோடாக இழுத்து, அந்தக் கோடு அடுத்து எங்கே போகும் என்று பரீட்சை வைப்பார். கோடு பெரும்பாலும் மேலே போகும் என்று எழுதியவர்களுக்கே அதிக மார்க்.

பாடத்துக்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது ‘தக்ஷிண சைக்கிள் லிமிடெட்’. கோட்டூரில் தொழிற்சாலை. அதன் ஷேரை வாங்குங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாங்காதவர்களைப் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகை செய்வார், அவ்வளவுதான்.

பரீட்சையில் எப்போதும் முதலாவதாக வந்தவர் சரித்திர வாத்தியார் ஸ்ரீரங்கன். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள வீட்டில் வசித்தவர். அடையாறு பக்கம் ஒரு மனை வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை ஷேரில் போட்டு, இரண்டு மனையாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவி நீரஜா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பாத்துத்தானே வாங்கறோம். கோட்டூர் என்ன காசியிலயா இருக்கு? ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுங்கோ.”

இதை அவர் சங்கத்தில் தெரிவித்தபோது சந்திரமௌலியின் முகம் வாடிப்போயிற்று. கண்ணால் பார்ப்பது ‘ஆராய்ச்சி’ ஆகாது, அது வேடிக்கை என்று விளக்கினார். இருந்தாலும் ஸ்ரீரங்கனும், லஸ் கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்த எங்கள் உறுப்பினர் மெஹபூப் அலியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, ஜட்கா பிடித்துக் கோட்டூருக்குப் போனார்கள்.

அங்கே ஒரு பொட்டல். நடுவில் கம்பெனியின் பெயர்ப் பலகை. அதன் கம்பத்தில் ஓர் எருமை கட்டியிருந்தது. எருமைக்குச் சொந்தக்காரி தங்கபுஷ்பம் அவர்களை மரியாதையாகவே வரவேற்றாள். தொழிற்சாலை எங்கே என்று மெஹபூப் அலி விசாரித்தார்.

“போர்டு கீது, சாயபு. மத்ததெல்லாம் வந்துகினு கீதுன்னு சொன்னாங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு விசேஷக் கூட்டம் கூடியது. இருவரும் கண்டதைச் சொன்னார்கள். நான்கூடக் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். சந்திரமௌலி மட்டும் அசையவில்லை.

“தொழிற்சாலை இல்லைன்னா கூலி கிடையாது. கூலி இல்லைன்னா வேலைநிறுத்தம் கிடையாது. ஊரெல்லாம் வேலைநிறுத்தம் நடக்கற காலத்துல இதைவிடப் பத்திரமான கம்பெனி உண்டோ?”

கரகோஷம் அடங்க வெகுநேரமாயிற்று. ‘அனுமதியின்றிப் பார்த்த’ குற்றத்துக்காக இருவருக்கும் பத்து மார்க் குறைக்கப்பட்டது. மெஹபூப் அலி சிரித்துக்கொண்டே குடைக்கடைக்குப் போய்விட்டார். அவர் ஷேர் வாங்கவேயில்லை. ஸ்ரீரங்கனால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக மார்க் குறைந்திருந்தது.

போதாததற்கு ஷேர் விலை வாராவாரம் ஏறியது. உறுப்பினர்கள் தங்கள் லாபத்தை அவர் காதில் விழும்படி பேசினார்கள். எருமை மேய்ந்த இடத்தில் சைக்கிள் முளைக்காது என்று அவரே ஆறுதல் சொல்லிக்கொண்டு பார்த்தார். கடைசியில் பேப்பர் வந்ததும் நீரஜாவே முதலில் விலைப் பக்கத்தைப் புரட்டத் தொடங்கினாள். ஒருநாள் அவள், நாம்தான் முட்டாளோ என்று மெதுவாகக் கேட்டாள். அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கன் மனைக்கான பணம் அத்தனைக்கும் ஷேர் வாங்கினார். சங்கம் அவருடைய பத்து மார்க்கையும் பெருந்தன்மையுடன் திருப்பிக் கொடுத்தது.

மறுமாதம் டைரக்டர்கள் இயந்திரம் வாங்குவதற்காகப் பம்பாய்க்குப் போனார்கள். இயந்திரமும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. ஷேரை விற்கப் போனவர்களுக்குத் தரகர்கள் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். நீரஜா ஒரு வார்த்தை திட்டவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஸ்ரீரங்கன் என்னிடம் சொன்னார்.

அனுதாபக் கூட்டம் கூட்டினேன். மெஹபூப் அலியும் நண்பருக்காக வந்திருந்தார். சந்திரமௌலி எங்கள் எல்லாரையும்விடச் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். அதைக் கண்டு மனமிரங்கிய ஸ்ரீரங்கன், ஸாருக்கு எத்தனை போயிற்று என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ரெண்டு மாசச் சம்பளம் போச்சு, ஸ்ரீரங்கன்.”

“சம்பளமா? யார் தரணும்?”

“கம்பெனிதான். உங்களுக்கெல்லாம் பாடம் சொல்லித்தரத்தானே என்னை வெச்சிண்டிருந்தா.”

மெஹபூப் அலி சற்று முன்னால் நகர்ந்து, “அப்போ சார் ஷேர் ஒண்ணும் வாங்கலையா?” என்றார்.

சந்திரமௌலி அவரை ஆச்சரியத்துடன் நிமிர்ந்து பார்த்தார்.

“ஷேரா? நான் குடும்பஸ்தன், ஸார்.”

தக்ஷிண சைக்கிள் லிமிடெட் ஒரு சைக்கிள் மணியைக்கூடத் தயாரிக்கவில்லை என்று இப்போது பலர் தூற்றுகிறார்கள். நன்றிகெட்ட பேச்சு. அது தன் காலம் உள்ளவரை பொதுமக்களின் அறிவு வளர்ச்சிக்காகவே பணத்தைச் செலவழித்தது. அதில் ஒரு காசுகூட அந்த டைரக்டர்களுடையதல்ல, எல்லாம் ஸ்ரீரங்கன்களுடையது.