லோடுக்குக் கீழே ஒரு முழு வாக்கியம்

பிரபு சார், என் சூப்பர்வைசர் வேலையைக் கெடுத்தது நீங்கள்தான். மென்று முழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் கிரேனுக்குக் கைகாட்டுவது என் வேலை. லோடு தொங்கும்போது அதன் கீழே எவனும் போகக் கூடாது. போனால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன் (வேலையில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான்). இங்கிலீஷ் பேச வந்தால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்றார்கள். அதற்குத்தான் எங்கள் கேன்டீனில் வகுப்பெடுக்க நீங்கள் வந்தீர்கள்.

அன்றைக்குப் பாடம் ‘அண்டர்’. மேசைக்கு அடியில் பூனை படுத்தாலும் அண்டர், மேனேஜருக்குக் கீழே நான் வேலை பார்த்தாலும் அண்டர், மெஷின் ரிப்பேரில் கிடந்தாலும் அண்டராம். எனக்குத் தலை சுற்றியது.

“மனப்பாடம் வேணாம். எதுக்காவது கீழ போய் நின்னு சொல்லிப் பாருங்க. முழு வாக்கியமா சொல்லணும். நடுவுல தமிழ் வந்தா ஃபெயில்” என்றீர்கள். எங்கள் பின்னாலேயே ஷெட்டுக்கும் வந்தீர்கள்.

ஒருவன் மின்விசிறிக்குக் கீழே நின்றான். இன்னொருவன் ஏணிக்குக் கீழே. நான் சூப்பர்வைசர் ஆகப்போகிறவன் ஆயிற்றே! கிரேன் ஓட்டும் முருகேசன் தூக்கி நிறுத்தியிருந்த கம்பிக்கட்டுக்குக் கீழே நேராகப் போய் நின்று, “ஐ ஆம் அண்டர் தி லோடு!” என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து, கம்பி வாங்க வந்திருந்தவர்களுக்கு ஷெட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு சேஃப்டி ஆபீசர் வந்தார். கூட வந்த ஒரு அம்மா வீலென்று அலறினார்.

மேலே கேபினிலிருந்து முருகேசன், “யண்ணா! இன்னாண்ணா அங்க நின்னுகினு கீற? சாவுறதுக்கு என் கிரேன்தான் கெடச்சுதா? வெளிய வாண்ணா!”

தமிழ் வந்தால் ஃபெயில். “அண்டர்!” என்றேன்.

“யோவ்! வெளிய வாய்யா!” என்றார் சேஃப்டி ஆபீசர்.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, முழு வாக்கியத்தையும் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

சைரன் அலறியது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் பூட்ஸ் மேல் கம்பிக்கட்டின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை பேரை அதே இடத்திலிருந்து விரட்டியிருக்கிறேன்! கால் நகரவில்லை. சேஃப்டி ஆபீசர்தான் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

வகுப்புப் பக்கமே வராத முருகேசன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். இப்போது நான் அவனுக்கு அண்டர். புதுவாயலில் எங்கள் வீட்டில் செருப்பைக் காணோம் என்றால்கூட, “கட்டிலுக்கு அண்டர்ல பாருடி, உங்க நைனா நின்னுகினு இருப்பாரு” என்கிறாள் என் மனைவி. மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சைரன் அடித்ததும் உங்களைக் காணோம். வெல்டிங் மேசைக்கு அடியில் உங்கள் ஷூ தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நீங்களோ அது நான் இல்லை என்கிறீர்களாம். ஷிஃப்டு மாறும் நேரத்தில் ஆலை கேட்டுக்கு வாருங்கள். அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள், அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நடுவில் தமிழ் வந்தால் ஃபெயில்.