நெற்றி பார்க்கும் மத்தியஸ்தர்

சண்டை போடுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். சண்டையைத் தீர்த்து வைக்கிற பிராணி ஒன்று உண்டு. அதற்கு மத்தியஸ்தர் என்று பெயர். அதைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்தால் விடமாட்டீர்கள். எந்தப் பக்கமும் சாயமாட்டார், நாற்காலியில்கூட. யார் மேலும் கோபப்படமாட்டார். யாருக்காகவும் கோபப்படமாட்டார் என்பதுதான் அவருடைய முக்கியத் தகுதி. வீட்டில் மனைவி, "காப்பியா, டீயா?" என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பார். அந்த அம்மாள் வெந்நீரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு பள்ளத்தாக்குக்காக ஒரு தலைமுறையாகக் குடுமிப்பிடிச் சண்டை போட்ட இரண்டு நாடுகள் இவரைக் கூப்பிட்டன. மேஜை வட்டமா நீளமா என்பதற்கு ஒரு வாரம், எந்தக் கதவு வழியாக யார் முதலில் நுழைவது என்பதற்கு இன்னொரு வாரம், தண்ணீர் பாட்டில் மூடியின் நிறம் எதிராளியின் கொடியை ஞாபகப்படுத்துகிறது என்று ஒரு தரப்பு முறைத்ததால் எல்லா மூடிகளையும் கழற்றி வைக்க அரை நாள். மனிதர் அசரவில்லையே!

அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஒப்பந்த வரைவை வாசிக்கும்போது இரண்டு நாட்டுக் குழுத் தலைவர்களின் நெற்றியைத்தான் பார்ப்பார். ஒரு நெற்றி சுருங்கினால் வாக்கியத்தைத் திருத்துவார். இரண்டும் சுருங்கினால் வாக்கியத்தையே அடித்துவிடுவார்.

சரி, அந்தப் பள்ளத்தாக்கில் ஜனங்கள் இருக்கிறார்களா? அட, அவர்களும் உண்டு! அங்கிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து, நாள்கணக்கில் வாசலில் காத்துக் கிடந்து, டீ இடைவேளையில் மத்தியஸ்தரைப் பிடித்தார்.

"சார், என் தம்பியைப் பிடிச்சிட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. எந்தப் பக்கத்து ஆளுங்கன்னுகூடத் தெரியல. பிடிச்சு வெச்சிருக்கறவங்களை எங்க வெச்சிருக்கோம்னு வீட்டுக்குச் சொல்லணும். அந்த ஒரு வரி போடுங்க சார், போதும்."

"உங்க வலி புரியுதும்மா. முதல்ல நிலம் தீரட்டும்."

"நிலம் எங்கயும் போகாது சார். ஆளுங்கதான் போயிடறாங்க."

மத்தியஸ்தருக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லக்கூடாது, அன்று பிற்பகலே அந்த வரியைச் சேர்த்து வாசித்தார். இரண்டு நெற்றிகளும் ஒரே நேரத்தில் சுருங்கின. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத தலைவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது எங்க உள்விவகாரம்" என்றார் இவர்.

"சுத்தமான உள்விவகாரம்" என்று வழிமொழிந்தார் அவர்.

சும்மாவா, சிறை இரண்டு பக்கமும் இருக்கிறதே! இவர் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க, அவர் வாங்கிக் குடித்தார். மத்தியஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஒருமனதான முடிவு! வரியை அடித்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றுபட்டதில் ஊருக்குத் திண்டாட்டம்.

அதன்பின் பேச்சு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆறு, பாதை, சுரங்கம் எல்லாம் பங்காயின. எல்லை தாண்டி மேயும் ஆடுகளைப் பிடித்தால் உடனே உரியவருக்குத் தகவல் சொல்லி, காயமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தனிப் பிரிவே வந்தது.

கையெழுத்து, கைகுலுக்கல், பூச்செண்டு, கைதட்டல். வெளியே வந்தால் வாசலில் ஆசிரியை, கையில் ஒப்பந்தத்தின் நகல்.

"ஆட்டுக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே சார்?"

மத்தியஸ்தர் பழக்கதோஷத்தில் அவர் நெற்றியைப் பார்த்தார். அழுது ஓய்ந்த நெற்றி, அது சுருங்கவில்லை. அப்பாடா, ஆட்சேபணை இல்லை என்று காரில் ஏறிவிட்டார்.

சே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்கிறீர்களா? நியாயம்தான். போன மாதம் உங்கள் அண்ணனும் தம்பியும் வீட்டுக்காக அடித்துக்கொண்டபோது நீங்கள்தான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தீர்களாமே? மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு, இருவருக்கும் பரம திருப்தியாமே? ரொம்ப சந்தோஷம்.

அது சரி, அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?