பசை வாடை இல்லை என்று சம்பந்தி சொல்ல வேண்டிய சாட்சி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் அப்பா, செருப்புப் பட்டறைக்காரன், பணிவோடு எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அதை உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். அங்கே தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், பிறந்து தொண்ணூற்றிரண்டு நாளான நம் பேத்தியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்வாள். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகரமைப்பு அலுவலகத்தில் என் பட்டறையைப் பற்றி விசாரணை. தாங்கள் அன்று நேரில் வந்து, "சம்பந்தி வீட்டுக்கு நாலு முறை போயிருக்கிறேன், ஒரு வாடையும் கிடையாது" என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சொல்லாவிட்டால் என் பட்டறையை அபாயத் தொழில் என்று முத்திரை குத்தி ஊருக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். என்னை நம்பி இருக்கிற நாலு ஆட்களும் தெருவில் நிற்பார்கள், பேத்தி வருவதும் நின்றுபோகும்.

இந்த வினை எப்படி வந்தது என்றால், யாரும் கொண்டுவரவில்லை, நானே மனுப்போட்டு வரவழைத்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் எதிர் ஷெட்டின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அங்கே அசிட்டிக் அமிலம் சார்ந்த உற்பத்தி தொடங்க ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறாராம், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாமாம். அமிலம் என்று படித்ததுமே நோட்டீஸை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் தொழிற்பேட்டை தாங்கள் பார்த்த இடம்தான், ஆபத்தில்லாத சின்னத் தொழில்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. ஒருவர் குடை தைக்கிறார், ஒருவர் அட்டைப்பெட்டி மடிக்கிறார், நான் செருப்புக்கு சோல் ஒட்டுகிறேன். கீழே பட்டறை, மேலே வீடு. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போகிற இரண்டு மாதமும் மகளும் பேத்தியும் எங்களோடுதான் என்று பேச்சு வந்த அன்றைக்கே நான் உத்தரத்தில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்துவிட்டேன், வெயிட் தாங்குமா என்று நானே தொங்கியும் பார்த்துவிட்டேன். அந்தத் தொட்டிலுக்கு நேர் எதிரே அமிலமா?

உட்கார்ந்து மனு எழுதினேன். குடைக்காரர் வந்து, "அண்ணே, சும்மா ஆட்சேபணைன்னு எழுதினா குப்பைல போட்டுடுவாங்க. எது ஆபத்து, எது ஆபத்தில்லன்னு அளவு போட்டு எழுதுங்க" என்று உசுப்பிவிட்டார். அளவு போட்டேன். தீப்பிடிக்கக்கூடிய திரவம் இருபது லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. நூறு அடிக்குள் குடும்பம் குடியிருக்கக்கூடாது. உள்ளே போய்வந்தவர் துணியில் வாடை ஒட்டக்கூடாது. இந்த மூன்றில் எதை மீறினாலும், "அவர் எவராக இருந்தாலும், எத்தனை வருடம் இங்கே இருந்தாலும், தயவு தாட்சண்யம் பாராமல்" வெளியேற்ற வேண்டும் என்று எழுதி, "தயவு தாட்சண்யம்" கீழே கோடும் போட்டேன். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என் மனைவியுடையது. அவள் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் அளவுகோல் மிகத் தெளிவாக உள்ளது, இதையே பேட்டை முழுவதற்கும் பொருத்திப் பார்க்கப்போகிறோம் என்று. அதை ஆட்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினேன், சம்பந்தி. இரண்டு தடவை.

ஆய்வுக்கு ஒரு அதிகாரியம்மா வந்தார். காரிலிருந்து இறங்கினதும் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "ஐயோ, என்னங்க இப்படி அடிக்குது?" என்றார். நான் ஓடிப்போய், "அதைத்தான் மேடம் மனுல எழுதியிருக்கேன்! எதிர் ஷெட்ல இன்னும் தொழிலே ஆரம்பிக்கல, அதுக்குள்ளயே இப்படின்னா பாத்துக்கோங்க!" என்றேன். எதிர் ஷெட்டுக்காரர் ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். அந்த அம்மா மூடியில் ரெண்டு சொட்டு ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "வினிகர்" என்றார். நோட்டீஸில் அமிலம் என்று போட்டது சமையலுக்கு ஊற்றுகிற வினிகராம். பத்துப் பங்கில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீராம். அந்த அம்மா அப்படியே திரும்பி, தலைப்பை எடுக்காமலே, என் பட்டறைக்குள் நுழைந்தார்.

சொல்யூஷன் டின்கள் அடுக்கியிருக்கிற மூலை தங்களுக்கு ஞாபகம் இருக்கும், சோல் ஒட்டுகிற அந்த மஞ்சள் பசை. "இது எத்தனை லிட்டர்?" என்றார். என் தொழிலைப் பற்றி அதிகாரி ஒருவர் அக்கறையாய் விசாரிப்பது இருபத்தெட்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை, அந்தப் பூரிப்பில், "நானூறு மேடம்! பசை தீந்துபோச்சுன்னு ஒரு நாளும் நம்மகிட்ட வேலை நின்னதில்ல" என்றேன். "தீப்பிடிக்குமா?" "ஒரு பொறி போதும் மேடம், கப்புன்னு பிடிச்சுக்கும்." "மேல யார் இருக்கா?" "நாங்கதான். அடுத்த மாசம் பேத்தி வர்றா. தொட்டில்கூட ரெடி, இதோ, இந்த டின்னுங்களுக்கு நேர் மேலதான் வருது." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை மாசக் குழந்தை?" "மூணு முடிஞ்சிருக்கு மேடம்." அதை எழுதி ரெண்டு கோடு போட்டார். நம் பேத்தி இன்னும் குப்புறக்கூடப் படுக்கவில்லை, அதற்குள் சர்க்கார் ஃபைலில் ஏறிவிட்டாள். என் மனுவில் கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரும் இப்போது எனக்கு எதிரான பதினெட்டு ஆட்சேபணைக்காரர்கள். என் மனைவி ஒன்றாம் நம்பர்.

"வாடையே கிடையாது மேடம், யாரை வேணா கேளுங்க" என்று கத்தினேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த குடைக்காரர் மழை வருமா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்தார், மேகமே இல்லை. மாடிக்குப் போய் மனைவியிடம், "ஏம்மா, நம்ம வீட்ல பசை வாடை வருதா?" என்று கேட்டேன். "வருது." "எப்பலேர்ந்து?" "கல்யாணம் ஆன வாரத்துலேர்ந்து." "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" "சொன்னேன். அது தொழிலோட வாடை, பழகிடும்னீங்க. உங்களுக்குப் பழகிடுச்சு." மறுநாள் கையோடு மூக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூள், பூண்டு, சோப்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். எல்லாமே எனக்குக் காற்றாகத்தான் இருந்தது. காப்பித்தூளை மட்டும் சரியாகச் சொன்னேன், அதுவும் டப்பா சத்தத்தை வைத்து. ஆட்கள் மணிக்கொரு தடவை டீக்கென்று வெளியே ஓடுவார்களே, சோம்பேறிகள் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். மூச்சு வாங்கத்தான் போயிருக்கிறார்கள்.

இருந்தாலும் நான் விடுவதாக இல்லை. பேட்டைக்காரர்களுக்கு ஆயிரம் பொறாமை இருக்கும், மனைவிக்கு என்மேல் ஆயிரம் மனத்தாங்கல் இருக்கும், ஆனால் தாங்கள் வெளி மனிதர். நாலு முறை வந்திருக்கிறீர்கள், நாலு முறையும் வாடை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் முறை, பெண் பார்க்க வந்தபோது, நேரே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, காற்று என்றால் தங்களுக்கு உயிர் என்றீர்கள். இரண்டாம் முறை ஜலதோஷம் என்று கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாம் முறை பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தெருவில் லாரி போவதைப் பார்க்கப் பிடிக்கும் என்று கீழே போய் ஒரு மணி நேரம் நின்றீர்கள். எங்கள் தெருவில் லாரி வருவதே வாரத்துக்கு ஒன்று. நான்காம் முறை கார் சீட்டைவிட்டே இறங்கவில்லை, முழங்கால் வலி என்றீர்கள்.

சம்பந்தி, இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

என் மகள் கல்யாணத்துக்கு அப்புறம் எப்போது வந்தாலும் மறுநாள் காலையிலேயே தலைவலி என்று கிளம்பிவிடுவாள். பேத்தி வருகிற தேதியைத் தங்கள் வீட்டு அம்மா மூன்று தடவை தள்ளிப்போட்டார், முதலில் வெயில் என்றார், பிறகு கொசு என்றார், பிறகு குழந்தைக்குப் புது இடம் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். வீடு சின்னது என்பதாலோ, செருப்புத் தைக்கிறவன் வீடு என்பதாலோ என்று மனசுக்குள் புழுங்கினேன். ஒரு தடவை என் மனைவியிடம், "பெரிய இடம் பாரு, நம்மள மதிக்க மாட்டாங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனாலும் வியாழக்கிழமைக்குத் தாங்கள் வந்தே தீர வேண்டும். பொய் சொல்ல வேண்டாம். தங்களுக்கு அன்றைக்கும் ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ளலாமே? ஜலதோஷக்காரர் வாடை தெரியவில்லை என்று சொன்னால் அதில் பொய் என்ன இருக்கிறது? இடத்தை மாற்றச் சொன்னால் இந்த வயதில் நான் எங்கே போவேன், மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவேன்?

தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசீர்வாதம். பேத்திக்குத் தாத்தாவின் முத்தம், கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டிருக்கும் தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வியாழக்கிழமை வர வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் மனைவி முழுவதும் படித்துவிட்டாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. "ஒரு பெரிய மனுஷரைப் பொய் சொல்லக் கூப்பிடறீங்களே, பசையை மாத்தினா என்ன?" என்று மட்டும் கேட்டாள். நான் யாருக்கு எதிராக மனுப்போட்டேனோ அந்த வினிகர்க்காரர்தான், அவள் போய்க் கேட்டதும், சாயங்காலம் தண்ணீரில் கரைத்த புதுப் பசை ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பிடிக்காதாம், காய நேரம் பிடிக்குமாம். நானூறு லிட்டரையும் திருப்பி அனுப்பிவிட்டுப் புதுப் பசைக்கு மாறினால் ஃபைலை மூடிவிடலாம் என்று அதிகாரியம்மாவும் போனில் சொல்லிவிட்டார். பழைய பசைப் பக்கம் போகாமல் இருந்தால் ஆறு மாதத்தில் மூக்கு கொஞ்சம் திரும்பலாம் என்கிறார் டாக்டர். குழந்தையின் உச்சந்தலையில் ஒரு வாசனை இருக்குமாமே, என் மனைவி ஓயாமல் சொல்கிறாள். பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நானும் முகர்ந்து பார்த்தேன், தெரிந்த மாதிரி எல்லோரிடமும் தலையாட்டிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை, சம்பந்தி. அந்தப் புதுப் பசையில் வாடை உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, இங்கே இருக்கிறவர்கள் சொல்வதை இனி நம்பவும் பயம். அதனால் இந்தக் கடிதத்தின் உறையை அந்தப் பசையால்தான் ஒட்டியிருக்கிறேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல், தாங்கள் முதலில், பிறகு தங்கள் வீட்டு அம்மா, நன்றாக முகர்ந்து பார்த்து உண்மையை எழுத வேண்டும். வாடை இல்லை என்றால் பேத்தியை அனுப்பி வையுங்கள்.