மாப்பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டு

பதினோராவது முறையாக அந்த மனிதன் மலையுச்சியிலிருந்து கடலில் விழுந்தான்.

"பாய், எக்ஸ் அமுக்குங்கன்னேன். நீங்க வட்டத்த அமுக்குனீங்க," என்றான் சிட்டிபாபு.

"எக்ஸைத்தான்பா அமுக்கினேன்."

"எக்ஸையும் அமுக்குனீங்க, வட்டத்தையும் அமுக்குனீங்க. உங்க கட்டவிரல் ரெண்டு பட்டன் மேலயும் உக்காந்துக்கினு இருக்குது."

நசீருதீன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் பிரியாணி தேக்சாவைப் பிடித்துத் தூக்கிய விரல் அது. காஞ்சிபுரத்தில் இதுவரை யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

சிட்டிபாபுவின் கேம் கடை, ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. பள்ளிக்கூடம் விடும்வரை அங்கே ஈ, காக்கை வராது. அதற்காகவே நசீருதீன் காலை பத்து மணியாகப் பார்த்து வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் எதற்குக் கேம் என்று சிட்டிபாபு கேட்டபோது, "சும்மாதான்பா," என்று சொல்லிவிட்டார்.

சும்மா இல்லை. மருமகனுக்காக.

மகள் நஸ்னீனைக் கட்டியிருக்கும் அயாஸ் தங்கமான பையன். நசீருதீனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, வாலாஜாபாத்தில் வீடு. கல்யாணமாகி ஆறு மாதமாக, ஞாயிறு தவறாமல் இருவரும் சாப்பாட்டுக்கு வருவார்கள். சோபாவின் இந்தக் கோடியில் மாமனார், அந்தக் கோடியில் மாப்பிள்ளை.

"வேலை எப்படிப் போகுது மாப்பிள்ளை?"

"நல்லாப் போகுது மாமு."

"அங்க மழையா?"

"பேஞ்சுது மாமு."

அதற்குப் பிறகு மின்விசிறிதான் பேசும். நசீருதீனும் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. அவர் வாழ்நாளில் அதிகம் பேசியது அடுப்பிடம்.

இப்படியே போயிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அடுத்த மாதம் கம்பெனி அயாஸைப் புனேவுக்கு மாற்றுகிறது. நஸ்னீனும் கூடப் போகிறாள்.

"ஒரே பொண்ணு. யாரோட அனுப்புறேன்னே தெரியாம அனுப்பப் போறேன். கத்தரிக்கா சாப்பிட மாட்டார்னு மட்டுந்தான் தெரியுது," என்று மனைவி உம்முசல்மாவிடம் புலம்பினார்.

உம்முசல்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு வீடியோ கேம்னா போதுமாம், சோறு தண்ணி வேணாமாம். மலையேறி, படகோட்டி, பொதையல் தேடுற கேமு. நீங்களும் கத்துக்கினீங்கன்னா பேச்சு தானா வந்துட்டுப் போகுது."

மாப்பிள்ளைக்கு எதிரில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க நசீருதீனின் மானம் இடம் கொடுக்கவில்லை. ரகசியமாகக் கற்றுக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை சர்வசாதாரணமாக, "ஒரு ஆட்டம் போடலாமா மாப்பிள்ளை?" என்று கேட்பது. இதுதான் திட்டம். திங்கட்கிழமையே கடைக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டாவது முறையும் அந்த மனிதன் கடலில் விழுந்ததும் சிட்டிபாபு எழுந்துபோய் ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு குட்டைக் குச்சிகளை எடுத்து வந்தான்.

"இதப் புடிங்க. பட்டனே வேணாம். இதுக்குப் பேரு மோஷன் கன்ட்ரோல். உங்க கையி என்ன பண்ணுதோ, அதையே அவனும் பண்ணுவான். வாள் வீசுனா வீசுவான். துடுப்பு போட்டா போடுவான்."

"துடுப்புன்னா, தேக்சாவக் கிளர்ற மாதிரிதானே?"

"கிளறுங்களேன், பாக்கலாம்."

நசீருதீன் காலை அகட்டி நின்று, நூறு கிலோ அரிசியைக் கிளறுவதாக நினைத்துக்கொண்டார். திரையில் படகு எகிறிப் பாய்ந்தது. சிட்டிபாபு இரண்டு நாளாகத் தாண்ட முடியாமல் திணறிய கடலை ஐந்து நிமிடத்தில் தாண்டி அக்கரை சேர்ந்தது.

"தேவுடா!" என்றான் சிட்டிபாபு.

அக்கரையில் ஒரு பூதம் நின்றுகொண்டிருந்தது. நசீருதீன் வாளை உயர்த்தினார். டியூப்லைட் உடைந்தது. பதறிப்போய்க் கையைப் பின்னால் இழுத்தார். சிட்டிபாபுவின் தாடை கிடைத்தது.

தாடையைப் பிடித்துக்கொண்டே அவன் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தான். டிவியில் மாட்டும் பெட்டி, இரண்டு குச்சிகள், ஒரு பட்டன் கன்ட்ரோலர். "வீட்லயே ஆடுங்க பாய். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன். இங்க மட்டும் வராதீங்க."

உம்முசல்மா புதன்கிழமை தாமலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ஒலிமுகமது பேட்டை வீட்டில் நசீருதீன் சோபாவை ஓரம் தள்ளினார். கதவைத் தாழிட்டார். ஜன்னலை மறந்துவிட்டார்.

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த கிருஷ்ணவேணிக்கு அந்த ஜன்னல் வழியாக டிவி தெரியவில்லை. நசீருதீன் மட்டும் தெரிந்தார். இல்லாத ஒரு சுவரில் அவர் கைமாற்றிக் கைமாற்றி ஏறினார். குனிந்தார். "வாடா! உன்ன விட மாட்டேன்டா!" என்று அலமாரியைப் பார்த்து அலறிக் காற்றை நாலு துண்டாக வெட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து, வெகு நிதானமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார்.

கிருஷ்ணவேணி ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பத்து நிமிடத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்கார முனுசாமி கதவைத் தட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் கிருஷ்ணவேணி நின்றாள்.

"பாய், ஒண்ணும் பேசாத. வண்டியில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"எனக்கு என்னாப்பா? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நீ ஏறு பாய்."

நசீருதீன் யோசித்தார். முனுசாமியிடம் உண்மையைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் வாலாஜாபாத் போய்ச் சேர்ந்துவிடும். "இது டாக்டர் சொன்ன எக்சர்சைஸ்பா. தோள்பட்டைக்கு," என்றார்.

கிருஷ்ணவேணியின் பயம் போன இடம் தெரியவில்லை. "தோள்பட்டைக்கா? எனக்கும் ஒரு மாசமா கையத் தூக்க முடியல பாய். எப்படிச் செய்யணும்?"

"ஹேண்டில் புடிச்சிப் புடிச்சி எனக்கும் இந்தப் பக்கம் குடையுது," என்றார் முனுசாமி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நசீருதீன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது பேர். தெரியாது என்று சொன்னால் பொய் வெளியே வந்துவிடுமே என்று, கேமில் உள்ளதை அப்படியே சொல்லிக்கொடுத்தார். முதலில் துடுப்பு, அடுத்து மலையேற்றம், கடைசியில் வாள்வீச்சு. சனிக்கிழமை கிருஷ்ணவேணி கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "சத்தியமா வலி இல்ல பாய்!" என்று கத்தியதும் அவர் கதை முடிந்தது. ஞாயிறு காலை ஓரிக்கையிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு வரும் மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றைக்கென்று எட்டு மணிக்கே வந்தார்கள்.

அயாஸ் மாடிப்படியேறி வந்தபோது, பனியனும் லுங்கியுமாக மாமனார் இரண்டு கைகளிலும் குச்சிகளோடு நின்றிருந்தார். எதிரில் பதினான்கு பேர். "குனி! வெட்டு! இப்பத் துடுப்பு!" என்று கத்திக்கொண்டிருந்தவர், மருமகனைக் கண்டதும் பாதி வெட்டில் நின்றுவிட்டார்.

அயாஸ் அந்தக் குச்சிகளையே பார்த்தான். "அது... மோஷன் கன்ட்ரோலரா மாமு?"

ஆறு மாதத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. நசீருதீனின் நெஞ்சு குளிர்ந்தது.

"ஆமா மாப்பிள்ளை. நான் எப்பவும் இதுலதான் ஆடுறது," என்றார், பிறந்ததிலிருந்தே ஆடுபவரைப்போல.

அயாஸ் எச்சிலை விழுங்கினான். "நான் பட்டன்தான் மாமு."

"பட்டனா?" கீழே இறங்கி வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "உக்காந்த எடத்துல வெரல ஆட்டிக்கினு இருந்தா அது மலையேர்றதா? மலையேறினா மூச்சு வாங்க வேணாமா?"

"ஏர்றது அவன் மாமு. நமக்கு எதுக்கு மூச்சு வாங்கணும்? நாம யோசிச்சாப் போதும்."

"வாள் வீசுறவனுக்குக் கை வலிக்கணும்பா!"

"கை வலிச்சா அடுத்த பூதத்த யாரு வெட்டுறது?"

தேநீரோடு வந்த நஸ்னீன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவளுக்கே தெரியாது.

ஒரே படகில் இரண்டு பேர் போகும் ஆட்டத்தைப் போட்டார்கள். வலது துடுப்பு மாமனாரின் குச்சியில், இடது துடுப்பு மருமகனின் பட்டனில். வலப்பக்கம் தேக்சா வேகத்தில் சுழன்றது. இடப்பக்கம் எப்போதோ ஒருமுறை தண்ணீரைத் தொட்டது. படகு நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது.

நசீருதீன் ஓரக்கண்ணால் பார்த்தார். அயாஸ் திரையைப் பார்க்காமல் பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எக்ஸுக்குப் பதில் வட்டத்தை அமுக்கினான். அவனுடைய ஆள் தானாகவே தண்ணீரில் குதித்தான்.

எப்பேர்ப்பட்ட பிள்ளை! மாமனார் தோற்றுவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான். நசீருதீனும் கையை நிறுத்தினார். படகு நடுக்கடலில் நின்றது.

"நீங்க போடுங்க மாமு."

"இல்ல, நீ போடு."

"பெரியவங்க, நீங்க மொதல்ல—"

ஒரு திமிங்கிலம் வந்து படகோடு இருவரையும் விழுங்கியது. பிறகு அயாஸ் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க. அவனுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை நசீருதீன் அன்றுதான் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுபடி ஆரம்பித்தார்கள். கடல் அமைதியாக இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அயாஸ் மெதுவாகச் சொன்னான்: "மாமு, புனேல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பயமாத்தான் இருக்குது. நஸ்னீன்கிட்ட இன்னும் சொல்லல."

நசீருதீன் துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. அடுப்பைத் தணித்துத் தம் போடுவதற்கு முன் கடைசியாகக் கிளறுவதைப்போல மெல்லக் கையை அசைத்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கும் பயந்தாம்பா. உங்கிட்ட சொன்னா நீ கவலப்படுவேன்னு எங்கிட்ட சொன்னா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிங்க. பாதி கொறஞ்சிடும்."

அயாஸ் தலையசைத்தான். ஒருமுறை துடுப்புப் போட்டுவிட்டு, "அங்கேர்ந்தும் நெட்டுல ஆடலாம் மாமு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம," என்றான்.

"ஆடலாம்பா. ஒரு வாரம் விடக்கூடாது."

பிரியாணியைச் சாப்பிடும்போதும் பட்டனா, கையா என்ற சண்டை ஓயவில்லை. உம்முசல்மா இருவர் தட்டிலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மாலையில் அயாஸும் நஸ்னீனும் பைக்கில் புறப்பட்டார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி அயாஸ் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். துடுப்புப் போடுவதைப்போல. அந்த நேரம் எதிரே வந்த சிட்டிபாபு, பைக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வாசலுக்கு வந்தான்.

"இப்பப் போறாரே, அவரு யாரு பாய்?"

"எங்க மாப்பிள்ளை," என்றார் நசீருதீன் பெருமையாக. "கேம்ல பெரிய கில்லாடி. இன்னிக்கி எனக்காக வேணும்னே தோத்தாருப்பா."

உள்ளே உம்முசல்மா பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

சிட்டிபாபு தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தான். "வேணும்னு எங்க பாய் தோத்தாரு? 'எங்க மாமனாருக்குக் கேம்னா உசுராம், மாமி சொன்னாங்க, எப்படியாச்சும் கத்துக்குடுப்பா'ன்னு, ஒரு மாசமா வாலாஜாபாத்ல எறங்காம கம்பெனி பஸ்லயே இங்க வரைக்கும் வந்து, எங்கிட்டதான் கத்துக்கினு போறாரு!"